ஏப்ரனின் முறை வந்துவிட்டது

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், மகள், மாப்பிள்ளை, பேத்தி நால்வரும் நலம். நலம் என்று எழுதும்போது வயிற்றை அதில் சேர்க்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள். உங்கள் பொறுப்பில் இருக்கும் என் மனைவியும் நலம் என்று நீங்களே போனில் சொன்னீர்கள். நன்றாகத் தூங்குகிறாள் என்றும் சொன்னீர்கள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். முயன்று பார்த்தேன். நீங்கள் "ஹலோ" என்றதும் பின்னாலிருந்து "யாரு?" என்று ஒரு குரல் வருகிறது. அந்தக் குரலைக் கேட்டதும் நான் மனதில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் சரிந்துவிடுகிறது. "அங்க மழை உண்டா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். நீங்களும் ஒவ்வொரு தடவையும் பொறுமையாக மழை நிலவரம் சொல்லிவிட்டீர்கள். அதற்கு நன்றி. ஆனால் எனக்கு வேண்டியது மழை அல்ல. ஆகவே எழுத்தில் தருகிறேன். எழுத்தென்றால் நடுவில் யாரும் வாங்கிப் பேச முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதற்கெல்லாம் மூலகாரணம் நீங்கள்தான். ஐஸ்கிரீம் கடையை மூடியபோது மேசை, நாற்காலி, கூம்பு செய்யும் இயந்திரம் எல்லாவற்றையும் விற்ற நீங்கள், யாரும் வாங்காத அந்தப் பெரிய ஃப்ரீசர் பெட்டியை மட்டும் "தங்கச்சிக்கு என் அன்பளிப்பு" என்று எங்கள் தலையில் கட்டினீர்கள். சமையலறைக் கதவுக்குள் அது நுழையவில்லை. கதவைக் கழற்றினோம், அப்போதும் நுழையவில்லை. கழற்றிய கதவும் சரியாக மாட்டவில்லை. கடைசியில் கூடத்தில், சோபாவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் வைத்தோம். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, உங்கள் பெட்டியின் பக்கவாட்டில் சிரித்துக்கொண்டிருக்கும் கரடிப் படத்தை. நான் எந்த நிலையில் இருந்தாலும் அது சிரிக்கிறது.

பெட்டி வந்த கொஞ்ச நாளிலேயே உங்கள் தங்கை ஒரு வாரப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லோரும் வேலைக்கு ஓடும் குடும்பங்கள் விடுமுறை நாளில் கேக்கும் பிஸ்கட்டும் சுட்டு உறைய வைத்துக்கொண்டால் வாரம் முழுக்கக் கவலையில்லை என்று அதில் போட்டிருந்தது. எங்கள் வீட்டு ஓட்டம் உங்களுக்குத் தெரியும். மகள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். மாப்பிள்ளை ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். ஒருவர் உள்ளே வரும்போது மற்றவர் வெளியே போவார்; செருப்பு அலமாரி அருகில்தான் இருவரும் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொள்வது. பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் வீடு இரண்டுபடும். அந்த வீட்டுக்கு இது நல்ல யோசனை என்பதை நான் மறுக்கவில்லை. உங்கள் தங்கை அதைச் செய்த விதத்தையும் குறை சொல்ல மாட்டேன். கேக்கை முழுசாக ஆறவிடுவாள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, பனி படிந்து, எடுக்கும்போது சொதசொதவென்று வரும் என்பாள். ஆறியதும் துண்டு போட்டு, துண்டுக்குத் துண்டு பட்டர் பேப்பர் வைத்து, ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, மேலே அலுமினியத் தாள். பிஸ்கட் என்றால் சுடுவதில்லை. மாவை நீளமாக உருட்டி அப்படியே உறைய வைப்பாள். வேண்டும்போது வட்ட வட்டமாக வெட்டி ஓவனில் வைத்தால் வேலை முடிந்தது. காலையில் ஒரு துண்டு கேக்கை டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் இடைவேளைக்குள் பதமாக இளகியிருக்கும். தாளைப் பிரிக்காமல் இளகவிட வேண்டும், அப்போதுதான் ஈரம் தாளோடு நிற்கும், கேக்கில் ஏறாது. மாப்பிள்ளை அவசரத்தில் பிரித்து வைத்து ஒருநாள் நனைந்த பஞ்சைத் தின்றுவிட்டு வந்தார். அதன்பிறகு அவருக்கும் புத்தி வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது நான் ஓய்வு பெற்றேன்.

பம்பு உதிரிபாகக் கிடங்கில் நான் எப்படி வேலை பார்த்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொருளை வாங்கி அடுக்குகிறவனும் நான்தான், கேட்கிறவனுக்கு எடுத்துக் கொடுக்கிறவனும் நான்தான். அங்கே ஒரே ஒரு விதி: முதலில் வந்தது முதலில் போக வேண்டும். ரப்பர் வளையம் ஒன்று அலமாரியின் மூலையில் கிடந்து பழசானால், எவனோ ஒருவன் அதைப் பம்பில் மாட்டி, தண்ணீர் பீய்ச்சி, பழி கிடங்கின் மேல் வரும். என் காலத்தில் அப்படி ஒரு வளையமும் போனதில்லை. இந்தக் கண்ணோடு வீட்டுக்கு வந்து உங்கள் பெட்டியைத் திறந்தேன். மைத்துனரே, என்ன சொல்ல. நேற்றைய கேக் மேலே, போன மாதத்துக் கேக் அடியில், நடுவில் என்றைக்கு வைத்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு பொட்டலம். எல்லோரும் மேலே இருக்கும் புதுசை எடுத்துத் தின்கிறார்கள். அடியில் இருப்பது யாரும் சீண்டாமல் கிடக்கிறது. "இதெல்லாம் எப்ப செஞ்சது?" என்று உங்கள் தங்கையைக் கேட்டேன். "நல்லா இருக்கும்போது செஞ்சது" என்றாள். இதை ஒரு பதில் என்று நீங்களாவது ஒப்புக்கொள்வீர்களா?

அன்றைக்கே பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். பெட்டிக்குள் அட்டைத் தடுப்புகள் வைத்தேன். இடது ஓரம் பழசு, வலது ஓரம் புதுசு. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தேதி ஒட்டினேன். என்ன கேக், யாருக்காகச் செய்தது என்பதெல்லாம் எழுதவில்லை; அது கிடங்கின் வேலை அல்ல. எடுப்பது இடது ஓரத்திலிருந்து மட்டும், எடுத்துக் கொடுப்பது நான் மட்டும். கம்பளிக் கையுறை ஒன்று வாங்கிக்கொண்டேன். பேத்தி அதைப் போட்டுக்கொண்டு "தாத்தா, நான்தான் கரடி" என்று வீடெல்லாம் சுற்றியதைத் தவிர வேறு குழப்பம் இல்லை.

பெட்டி ஒழுங்குக்கு வந்தது. ஆனால் மாதங்கள் போன பிறகு மகள் ஒரு பிரச்சினையைக் கிளப்பினாள். ஞாயிற்றுக்கிழமை ஓவனிலிருந்து எலுமிச்சைக் கேக் வெளியே வந்திருந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது. மாடிப்படி வரைக்கும் போனது. "அப்பா, ஒரு துண்டு குடுங்கப்பா" என்றாள். நான் இடது ஓரத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். "இது இல்லப்பா, அது!" "அது அதோட முறை வரும்போது வரும். இதுவும் எலுமிச்சைதான்." "இது கல்லு மாதிரி இருக்கு." "இளகவிட்டுச் சாப்பிடு." அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். "லேப்ல ரத்த சாம்பிளுக்குக்கூட இவ்வளவு கெடுபிடி இல்லப்பா" என்றாள். மாப்பிள்ளை சாது. ஆம்புலன்ஸில் எத்தனையோ பார்த்தவர், எதற்கும் பதறமாட்டார். அவர்தான் நிதானமாகச் சொன்னார்: "மாமா, அத்தை வாராவாரம் புதுசா சுடுறாங்க. நாம வாராவாரம் பழசைத் தின்னுறோம். புதுசு பழசான பிறகுதான் நம்ம கைக்கு வருது. யோசிச்சுப் பாருங்க, இந்த வீட்டுல சூடா ஒரு கேக்கை யாரும் எப்பவுமே தின்னப் போறதில்ல." நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதில் தவறு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. "ஒரு வாரம் சுடாம இருந்தா தானா சரியாகிடுமே" என்றார். "இருப்பு குறையும் மாப்பிள்ளை" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

உங்கள் தங்கை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று கூடப் பிறந்த உங்களுக்குத் தெரியும். எனக்கு இத்தனை வருஷம் ஆகியும் தெரியவில்லை.

இதற்கிடையில் மாடி வீட்டுத் தையல்காரம்மா படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். துணி காயப்போடும் கயிறு யாருடையது என்பதில் அவருக்கும் எங்களுக்கும் கொஞ்சம் மனஸ்தாபம் உண்டு. பல நாட்களாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதுதான் சமயம் என்று உங்கள் தங்கை ஒரு கேக் செய்து, உருக்கிய சாக்லேட்டால் அதன்மேல் "சீக்கிரம் குணமாகிடும், கவலைப்படாதீங்க" என்று எழுதினாள். நானும் மனதாரப் பாராட்டினேன். ஆறவைத்து, சுற்றி, தேதி ஒட்டி, வலது ஓரத்தில் வைத்தேன். பிறகு இடது ஓரத்திலிருந்த கேக்கை எடுத்து, தாளைப் பிரிக்காமல், மரியாதையாக இரண்டு கையாலும் பிடித்து மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அது மகளுக்கு லேபில் பதவி உயர்வு கிடைத்தபோது செய்தது. அன்றைக்கும் முறைப்படி அவளுக்கு வேறொரு பழைய கேக்தான் கிடைத்தது, இது தன் முறைக்காகக் காத்திருந்தது. தையல்காரம்மா காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து அதைப் பிரித்திருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில், "வாழ்த்துகள்! இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தோம்!" என்று இருந்திருக்கிறது.

அவர் கேக்கைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரு துண்டு வெட்டித் தின்றுவிட்டுத்தான் ஜன்னலைத் திறந்தார். தெரு முழுக்கக் கேட்டது. உங்கள் தங்கை மாடிக்கு ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு, நடந்ததை விளக்கிவிட்டு வந்தாள். விளக்கியதில் மாடி வீட்டம்மாவுக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் பரிதாபமாகப் பார்க்கிறார். கோபமே தேவலை. உங்கள் தங்கைக்கு என்னைப் பற்றி மாடி வீட்டம்மாவிடம் சொன்னது போதவில்லை போலிருக்கிறது, கீழே வந்து என்னிடமும் ஆத்திரத்தைக் கொட்டினாள். "யாருக்கு எதுன்னு ஒரு தடவை பிரிச்சுப் பார்க்கக் கூடாதா?" என்றாள். பிரித்தால் ஈரம் ஏறும் என்று அவளே சொல்லிக்கொடுத்ததை நினைவுபடுத்தினேன். எனக்கு நல்லதென்று தோன்றித்தான் சொன்னேன்.

அந்த "குணமாகிடும்" கேக் சும்மா இருக்குமா? அதன் முறையும் வந்தது. மகளோடு வேலை பார்க்கும் பெண், தனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதைச் சொல்ல அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தாள். புதுசாக நிச்சயமான ஜோடி, சோபாவில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் இடது ஓரத்திலிருந்து எடுத்து வைத்திருந்த கேக்கை மகள் அவர்கள் முன்னால் வைத்துத் தாளைப் பிரித்தாள். "சீக்கிரம் குணமாகிடும், கவலைப்படாதீங்க." பையன் அதை ஒருமுறை வாசித்தான். பிறகு அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்தான். லேபில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் இப்படி எழுதி வைத்திருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மகள் அவனை வாசல் வரை கொண்டுபோய்த் தனியாக நிறுத்தி, ஃப்ரீசரைக் காட்டி, தேதியைக் காட்டி, கடைசியில் என்னையும் காட்டிப் புரியவைத்தாள். என்னைக் காட்டியதும்தான் அவனுக்குப் புரிந்தது. கல்யாணம் நடக்கிறது, உங்களுக்கும் அழைப்பு வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை அங்கே வந்து என்ன காரணம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நடந்தது இதுதான். அன்றைக்குச் சதுரத் தட்டில் சாதாரண வெண்ணெய்க் கேக் சுட்டு ஆறவைத்திருந்தாள். நான் சுற்றுவதற்குத் தாளோடு போனேன். பார்த்தால் ஒரு மூலை இல்லை. கத்தியால் வெட்டியதல்ல, கையால் பிய்த்தது. "யார் எடுத்தது?" என்று கேட்டேன். சமையலறையில் அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம், கேட்டிருக்க வேண்டியதில்லை. அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "நான்தான்" என்றாள். "சூடா இருந்துச்சு. நான் சுட்டதை நான் சூடா தின்னு எத்தனை நாளாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" இதற்குப் பல பதில்கள் உண்டு என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது நான் சொன்னது, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கலாமே."

அவள் சமைக்கும்போது புடவைக்கு மேலே கட்டிக்கொள்ளும் ஏப்ரனைக் கழற்றினாள். நீலக் கட்டம் போட்டது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நன்றாக மடித்தாள். பட்டர் பேப்பரில் வைத்தாள், ஒட்டும் தாளைச் சுற்றினாள், அலுமினியத் தாளைச் சுற்றினாள். கூடத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து வலது ஓரத்தில், கடைசி கேக்குக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். "இதுக்கும் தேதி ஒட்டிக்கங்க. இதோட முறை வரும்போது நான் வரேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்த மூலை போன கேக்கை நான்தான் சுற்றி வைத்தேன். கையுறை போடக்கூட ஞாபகம் வரவில்லை.

மாப்பிள்ளை டியூட்டி முடிந்து வந்ததும், "இதுக்குப் போயா மாமா? கையை விட்டு எடுத்துட்டு அத்தைக்குப் போனைப் போடுங்க" என்றார். எடுக்கலாம்தான். வலது ஓரத்திலிருந்து எடுத்தால் இத்தனை நாள் நான் பிடித்த பிடிக்கு என்ன அர்த்தம்? மகளுக்கு "முறை வரட்டும்" என்றவன், எனக்கென்று வரும்போது கையை விடலாமா? அதுவும் இல்லாமல், அவள் வைத்தது என் விதிப்படி. அதை நான் மீறினால், "உங்க விதி உங்களுக்கே இல்ல, எனக்கு மட்டும்தானா?" என்று கேட்பாள். நியாயமான கேள்வி. இதில் இன்னொரு சிக்கல், அவளுடைய படிக்கிற கண்ணாடி அந்த ஏப்ரன் பையிலேயே உறைந்து கிடக்கிறது. "கண்ணாடியை மட்டுமாவது எடுத்து அனுப்புங்கப்பா" என்று மகள் கெஞ்சினாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பாதியைக் கொடுக்கும் வழக்கம் எந்தக் கிடங்கிலும் இல்லை. அங்கே அவள் பேப்பரைத் தூரப் பிடித்துப் படிக்கிறாள் என்று அக்கா சொன்னதாகக் கேள்வி. அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆக ஒரே வழி, ஏப்ரனுக்கு முன்னால் இருப்பதையெல்லாம் தின்று தீர்ப்பது. காலையில் கேக். மதியம் கேக். மாப்பிள்ளை ஆம்புலன்ஸில் கூட வரும் நர்ஸுக்கும் சேர்த்துக் கொண்டுபோனார். மகள் லேபில் ரத்தம் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு கொடுத்து, சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தவருக்கும் கொடுத்து, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பேத்தி மட்டும் சந்தோஷமாக இருந்தாள், பிறகு அவளும் கேக்கைப் பார்த்தால் சோபாவுக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தாள். நான் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரிக்கும்போது எனக்கு வேறு ஒரு தொல்லை. இது அவளுக்கு முழங்கால் வலித்த வாரம் செய்தது, ஒரு பக்கம் சரிந்திருக்கும். இது நான் சர்க்கரை அதிகம் என்று சொன்ன மறுவாரம் செய்தது, சப்பென்று இருக்கும். இது பேத்தி முட்டை உடைக்கக் கற்றுக்கொண்ட நாள், ஓடு அகப்படும். எல்லாம் அவள் கை பட்டது. தீர்ந்தால்தான் அவள் வருவாள். தீர்ந்துவிட்டால் அவள் செய்தது வீட்டில் ஒன்றும் இருக்காது. நான் சாப்பிடும் வேகம் குறைந்ததற்கு வயிறு மட்டும் காரணமில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பிஸ்கட் மாவு உருளை ஒன்றின் முறை வந்தது. அதைச் சுடாமல் தின்ன முடியாது. மகளும் மாப்பிள்ளையும் வேலையில் இருந்தார்கள். நானே வெட்டினேன், கத்தி இறங்கவில்லை, கொஞ்சம் இளகவிட்டு வெட்டினேன். தட்டில் தள்ளித் தள்ளி வைத்து ஓவனில் விட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த ஓவன் கதவை நான் திறந்தது அன்றுதான். கொஞ்ச நேரத்தில் வாசனை கிளம்பியது. உள்ளறையில் படம் வரைந்துகொண்டிருந்த பேத்தி, செருப்பில்லாமல் தடதடவென்று ஓடி வந்தாள். "பாட்டி வந்தாச்சா?" என்று கேட்டாள். அடுப்படியில் நான் நிற்பதைப் பார்த்தாள். "ஓ, நீங்களா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். பிஸ்கட்கூட வேண்டும் என்று கேட்கவில்லை.

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். விதிப்படி தவறில்லை, பழைய மாவுதான். சூடாக இருந்தது. ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் மெத்தென்றும் இருந்தது. வேறொன்றும் சொல்வதற்கில்லை. நின்றுகொண்டே அந்தத் தட்டு முழுவதையும் தின்றுவிட்டேன்.

அதற்கு மறுநாள்தான் உங்கள் பெட்டி கைவிட்டுவிட்டது. இதையும் உங்களுக்குத் தெரியப்படுத்துவது என் கடமை. மதியம் எல்லோரும் வெளியே போயிருந்த நேரம். சாயங்காலம் மகள் வந்து, "என்னப்பா, கூடமெல்லாம் தண்ணி?" என்றாள். திறந்து பார்த்தால் உள்ளே அத்தனையும் இளகிக் கிடக்கிறது. பழசும் தொளதொள, புதுசும் தொளதொள. இளகிவிட்ட பிறகு எது முதலில் வந்தது, எது கடைசியில் வந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றைக்கே தின்றாக வேண்டும். பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டீர்களே என்று உங்களைக் கொஞ்சம் திட்டினேன், மகளும் திட்டினாள். மாப்பிள்ளை மட்டும் பெட்டியைச் சுற்றி வந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீரைத் துடைக்கத் துணி எடுத்து வந்தார்.

தையல்காரம்மா கயிற்றுச் சண்டையை மறந்து, புதுசாகக் குணமான காலோடு இறங்கி வந்தார். துணி தைக்கக் கொடுத்திருந்தவர்களுக்கெல்லாம் அவர் கையால் கேக் போனது. தெருமுனைச் சலூன்காரர், தபால்காரர், எதிர்வீட்டு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொள்ள வந்தவர்கள், யாரையும் விடவில்லை. எந்தக் கேக் யாருக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. இருட்டுவதற்குள் பெட்டி காலி. அடியில் கொஞ்சம் தண்ணீரும், வலது ஓரத்தில் ஒரு பொட்டலமும் மட்டும் இருந்தன.

ஆகவே மைத்துனர் அவர்களுக்கு முறைப்படித் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், ஏப்ரனின் முறை வந்துவிட்டது. அதற்கு முன்னால் இப்போது எதுவும் இல்லை. பிரித்துத் துவைத்துக் கயிற்றில் போட்டிருக்கிறேன், மாடி வீட்டம்மா அனுமதித்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். விதி என் பக்கமும் காப்பாற்றப்பட்டது, அவள் பக்கமும் காப்பாற்றப்பட்டது. சொன்ன சொல்லை அவள் மீறமாட்டாள் என்று நம்புகிறேன். விதிகளில் நானும் ஒரு சிறு திருத்தம் செய்திருக்கிறேன்: இனிமேல் கேக்கின் நான்கு மூலைகளும் இருப்பில் சேராது. சூட்டோடு யார் வேண்டுமானாலும் பிய்த்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. "வட்டக் கேக்குக்கு மூலை ஏது மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். வட்டத் தட்டுகள் எல்லாவற்றையும் மாடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். அவருடைய முதுகுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் நன்றாகப் படித்து, எதையும் ஒழுங்காக அடுக்கி வைக்கும் பழக்கத்தோடு நீண்ட நாள் வாழட்டும். உங்கள் தங்கைக்கு நான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கண்ணாடி இங்கே இருப்பதால் இந்தக் கடிதத்தை நீங்கள்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். விதிகளைப் பற்றிய பகுதிகளை நிறுத்தி நிதானமாக வாசிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மெக்கானிக் வந்தார். பெட்டியை முழுக்கச் சோதித்துவிட்டு, "இதுல ஒரு கோளாறும் இல்ல சார், பழைய மாடல்னாலும் கல்லு மாதிரி இருக்கு. பிளக்குதான் கழண்டு கிடந்திருக்கு" என்றார். உங்களைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எலிதான் இழுத்துப் போட்டிருக்கும் என்று மகள் முடிவு செய்து பொறி வாங்கி வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு டியூட்டிக்குப் போனார். முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன்பிறகு பிளக்கைப் பிடுங்கி, ஒயரை அழகாகச் சுருட்டி வைக்கும் பழக்கம் எலிக்குக் கிடையாது. மேலே எழுதியது எதையும் அவளுக்கு வாசிக்க வேண்டாம். இதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். மற்றவர்களுக்கு அது எலியாகவே இருக்கட்டும்.